புதுப்பித்த வீடும் கிரயத் தொகையும்

வீட்டை விற்க எண்ணுவோர் முதலில் அதனைப் புதுப்பித்துப் பின்னரே விலை கூறவேண்டும் என்னும் அபிப்பிராயம் நமது சங்கரன்கோவிலில் வேரூன்றி வருகின்றது. தரைக்கு டைல் பதித்து, முகப்புக்கு வண்ணந்தீட்டி, அச்செலவுக்காக மனையாளின் நகையை அடகு வைப்பாரும் உளர். இட்ட பொருள் இலாபத்தோடு மீளுமென்பது அவர்தம் நம்பிக்கை. அது பெரும்பாலும் பொய்த்துப்போம் என்பதே நமது துணிபு.

காரணம் யாதெனில், வாங்குவோன் விலைபேசுவது பெரிதும் மண்ணுக்கே. கோயிலைச் சூழ்ந்த ரத வீதிகளில் ஒரு பழைய வீடு விலைக்கு வருமாயின், அதனை இடித்துக் கடையாக்க எண்ணுவோனே அதிகத் தொகை தர முன்வருவான். நேற்றுப் பதித்த டைல் அவனுக்கு நாளை அகற்றவேண்டிய குப்பையன்றோ? இனி, விசைத்தறிக் கூடத்தோடு கூடிய வீடு நெசவாளிக்கு அரும்பொருள். உத்தியோகஸ்தருக்கோ அது காற்றை மறைக்கும் வெறுங் கொட்டகை.

அரசாங்கத்தாரின் கணக்கும் இவ்வாறே செல்கின்றது. பத்திரப் பதிவில் நிலத்தின் மதிப்பு வேறு, கட்டடத்தின் மதிப்பு வேறு. வயது ஏற ஏறக் கட்டடத்துக்குத் தேய்மானங் கழிப்பர். 2023 ஏப்ரலில் பதிவுக் கட்டணம் 4 சதவீதத்தினின்று 2 ஆகக் குறைந்த பின்னரும், முத்திரைத் தீர்வை முதலியன 7 சேர, கிரயம் பெறுவோன் பொதுவாகச் செலுத்துவது 9 சதவீதம். புதுப்பித்த செலவென்று 2 இலட்சம் ரூபாய் கூட்டிக் கேட்பவர், அவன் தலையில் மேலும் 18,000 ரூபாயை ஏற்றுகின்றார். பத்திரத்தில் மெய்த்தொகை எழுதுவோரைக் கருதியே இது கூறினோம். ஏனையோரைப் பற்றி இங்குப் பேசோம்.

அமெரிக்க தேசத்தில் இத்தகைய செலவுகளை ஆண்டுதோறும் மதிப்பிட்டு ஓர் அறிக்கை வெளியிடுகின்றனர். 2024-ஆம் ஆண்டின் அறிக்கைப்படி, அடுக்களையை ஆடம்பரமாகத் திருத்தியமைக்கச் செலவிட்ட 100 டாலரில் ஏறக்குறைய 38 டாலரே விற்பனையில் மீளும். மோட்டார்க் கொட்டகையின் கதவை மாற்றினாலோ 100-க்கு ஏறக்குறைய 194 கிடைக்குமாம்!

வேலைப்பாட்டுக்கேனும் விலை இல்லையோ என்பார்க்குச் செட்டிநாட்டைக் காட்டுவோம். பர்மாத் தேக்கும் இத்தாலியச் சலவைக்கல்லுங் கொண்டு எழுப்பிய மாளிகைகள் பல, பராமரிக்க ஆளின்றி இடிக்கப்பட்டன. அவற்றின் தூண்களும் கதவுகளும் காரைக்குடியின் பழம்பொருட் கடைகளில் தனித்தனியே விலையாகின்றன. கானாடுகாத்தான் முதலிய ஊர்களில் சில மாளிகைகள் செப்பனிடப்பட்டு விடுதிகளாயின. ஆங்கும் செலவை ஈடுசெய்வது விருந்தினர் தரும் வாடகையேயன்றிக் கிரயத் தொகையன்று.

ஆயின் விற்போன் ஒன்றுமே செய்யலாகாதோ? ஒழுகும் மேல்தளத்தை அடைத்தல், கழிவுநீர்க் குழாயைச் செப்பனிடுதல், பழுதான மின்கம்பிகளை மாற்றுதல் ஆகியன தக்கவை. இவை விலையை உயர்த்தாவிடினும் வீழ்ச்சியைத் தடுக்கும். இவற்றினும் முந்தியது பத்திரச் சீர்திருத்தம். பாட்டனார் பெயரிலேயே பட்டா நிற்க, பங்காளிகளின் கையொப்பம் பெறாதிருக்க, சுவருக்கு மட்டும் மூன்று பூச்சு வண்ணம் எதற்கு? வங்கியார் கடன் கொடுக்குமுன் நோக்குவது சுவரையன்று, வில்லங்கச் சான்றையே.

ஆடித்தபசுக்கு உறவினர் வருவரென்று வீட்டை அழகுபடுத்துவோரை நாம் குறைகூறோம். தாம் வாழ்வதற்கு இட்ட செலவென்பதை அவர்கள் அறிவர். நகையை அடகு வைக்கப் புறப்படுவோரையே வேண்டிக்கொள்கின்றோம்: அதற்கு முன்னர், தம் தெருவுக்குரிய வழிகாட்டி மதிப்பைப் பதிவுத்துறையின் இணையதளத்தில் பார்த்து, அத்தெருவில் அண்மையில் முடிந்த கிரயங்களையும் விசாரித்தறிவாராக.