கொடுக்கல் வாங்கல்: எழுதாத கடன்

வளைகுடா நாடுகளின் கட்டடத் தளங்களில் பத்துப் பதினைந்து ஆண்டுகள் உழைத்துத் திரும்பிய நம் சகோதரர்கள் பலர், அங்கே கற்ற வேலையையே முதலாக வைத்து, ஊரில் துணை ஒப்பந்தக்காரர்களாகத் தொழில் நடத்தி வருகின்றனர். பெரிய ஒப்பந்தக்காரர் ஒருவர், மனைக்கு உரியவரிடம் முழுக் கட்டடத்தையும் பேசி எடுத்துக்கொள்வார். அவரிடமிருந்து சென்ட்ரிங் ஒருவருக்கும், கம்பி கட்டுதல் ஒருவருக்கும், பூச்சு வேலை ஒருவருக்கும், டைல்ஸ், பெயிண்டிங் என மற்றவர்களுக்கும் பிரிந்து வரும். வேலை தெரியாமல் இவர்களுள் நொடித்தவர் அரிது. வேலையைச் செவ்வனே முடித்துவிட்டு, பணம் கைக்கு வராமல் நொடித்தவரே பலர்.

இதன் காரணம் வீட்டிலிருக்கும் தாய்மார்களுக்கு நன்கு தெரியும். சனிக்கிழமை மாலையானால் கொத்தனாருக்கும் சித்தாளுக்கும் சம்பளம் எண்ணிக் கொடுத்தாக வேண்டும். அதில் ஒரு நாள் தவணை கேட்பதும் அறமாகாது. ஆனால் அதே வேலைக்கான பில், அளவு சரிபார்க்கப்பட்டு, பெரியவரின் அலுவலகத்தில் காசோலையாக மாறுவதற்குள் இரண்டு மாதம் கடந்துவிடுகிறது. இடையில் எட்டுச் சனிக்கிழமைகள் வந்து போகின்றன. அந்த எட்டு வாரச் சம்பளம் எங்கிருந்து வந்தது? பீரோவிலிருந்த நகை அடகுக் கடைக்குப் போய் வந்த பணம் அது. உண்மையில் சிறியவர் பெரியவருக்குக் கடன் கொடுக்கிறார். அந்தக் கடனில்தான் கட்டடம் எழும்புகிறது. இருவருமே அதைக் கடன் என்று அழைப்பதில்லை, அவ்வளவே.

திருமறையின் மிக நீண்ட வசனம் எதுவென்று கேட்டால் மதரஸாப் பிள்ளைகளும் சொல்வர்: அல்பகரா அத்தியாயத்தின் 282ஆவது வசனம். தவணை குறித்த கடனை எழுதிக்கொள்வது பற்றியது அது. எழுதுபவரின் பொறுப்பு, சாட்சிகள், தவணையின் அளவு, சிறு தொகையாயினும் எழுதச் சலிப்படையாமை என யாவும் அதில் பேசப்படுகின்றன. ஒரு விலக்கும் உண்டு: கைக்குக் கை உடனே முடிந்துவிடும் வியாபாரத்தை எழுதாமல் விடுவதில் குற்றமில்லை. நம் சகோதரர்கள் தம் தொழிலும் இந்த விலக்கில் சேர்ந்தது போலவே நடந்துகொள்கின்றனர். மீன் கடையில் வாங்குவது கைக்குக் கை முடியும். நான்கு மாடிப் பூச்சு வேலை அப்படி முடிந்ததுண்டா?

“ஜும்ஆவில் ஒரே வரிசையில் நிற்கிறோம், அவரிடம் போய் எழுதிக் கேட்பதா?” என்று ஒருவர் என்னிடம் வினவினார். அந்த வசனம் விளித்துப் பேசுவதே நம்பிக்கை கொண்டவர்களைத்தான். ஒரே வரிசையில் நின்றவரோடு பின்னொரு நாள் நீதிமன்றத்தில் எதிரெதிரே நிற்பது, எழுதிக் கேட்பதைவிடக் கூச்சம் தருவதன்றோ!

வாய்மொழி ஒப்பந்தம் செல்லாது என்று எண்ணிவிட வேண்டாம். 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம், பொதுவாக எழுத்தைக் கட்டாயமாக்கவில்லை. செல்லும்; ஆனால் மெய்ப்பிப்பது அரிது. எழுதும்போதும் நம்மவர் விலையை மட்டும் எழுதுகின்றனர். சதுர அடிக்கு இவ்வளவு என்பது பாதி ஒப்பந்தமே. அந்தச் சதுர அடியை எவ்வாறு அளப்பது என்பது மறுபாதி. கதவு ஜன்னல்களின் திறப்பைப் பூச்சு அளவில் கழிப்பதா, வேண்டாமா என்பதில் நடக்கும் சண்டைகள் கொஞ்சமா? ஐ.எஸ். 1200 என்னும் இந்தியத் தர அளவுமுறை இதற்கு விடை வைத்திருக்கிறது. அரைச் சதுர மீட்டர் வரையுள்ள திறப்புகளுக்குக் கழிவே இல்லை. அதற்கு மேல் 3 சதுர மீட்டர் வரை, அதாவது ஏறத்தாழ 32 சதுர அடி வரை, சுவரின் இருபுறமும் ஒரே வகைப் பூச்சாயின் ஒரு பக்கத்துக்கு மட்டுமே கழிவு. கழிக்காமல் விட்ட மறுபக்கம், திறப்பின் உள்விளிம்புகளைப் பூசியதற்கு ஈடாகும். நாலடிக்கு நாலடி ஜன்னல் நாற்பது உள்ள கட்டடத்தில், இருபக்கமும் கழித்துவிட்டால் 640 சதுர அடிக் கூலி போய்விடும். ‘அளவு ஐ.எஸ். 1200 முறைப்படி’ என்று ஒப்பந்தத்தில் ஒரே வரி எழுதியிருந்தால் போகாது.

கம்பி கட்டுவோர் நிலை இன்னும் இக்கட்டானது. அவர்களுக்குக் கூலி எடைக்கு. கம்பியின் விட்டத்தை மில்லிமீட்டரில் எடுத்து, அதை அதனாலேயே பெருக்கி, 162ஆல் வகுத்தால் ஒரு மீட்டரின் எடை கிலோவில் வரும். 12 மில்லிமீட்டர் கம்பிக்கு 0.89 கிலோ. கணக்கு எளிது. ஆனால் கான்கிரீட் விழுந்துவிட்டால் எந்தக் கம்பியை எண்ணுவது? ஆகவே தளம் போடுவதற்கு முந்தைய மாலையே இருதரப்பும் சேர்ந்து அளந்து, அளவுப் புத்தகத்தில் கையொப்பமிட வேண்டும். “பிறகு பார்த்துக்கொள்ளலாம் பாய்” என்பார் பொறியாளர். அந்தப் பிறகு வந்து நான் கேள்விப்பட்டதில்லை.

கூடுதல் வேலை என்பது மற்றொரு பள்ளம். நானறிந்த டைல்ஸ் ஒப்பந்தக்காரர் ஒருவர், பதித்து முடித்த இரண்டு தளங்களைப் பொறியாளர் வாய்மொழியாகச் சொன்னதன் பேரில் பெயர்த்து, வேறு நிறத்தில் மீண்டும் பதித்தார். பில் போட்ட வேளையில் அந்தப் பொறியாளர் வேலையை விட்டுப் போயிருந்தார். “யார் சொல்லிச் செய்தீர்?” என்றது அலுவலகம். இலவசமாகச் செய்யும் எண்ணமின்றி ஒருவர் செய்த வேலையின் பயனை மற்றவர் அனுபவித்தால், அதற்கு ஈடு செய்ய வேண்டும் என்று ஒப்பந்தச் சட்டத்தின் 70ஆவது பிரிவு கூறுகிறது. ஆனால் அந்த வேலை நடந்ததற்கு எழுத்தில் என்ன இருந்தது? அவருடைய மகன் அன்றாடம் படமெடுத்துப் பொறியாளரின் வாட்ஸ்அப்புக்கு அனுப்பி, ‘நீங்கள் சொன்னபடி இன்று இரண்டாம் தளம் பெயர்க்கப்பட்டது’ என்று எழுதியிருந்தான். பொறியாளர் ‘ஓகே’ என்று பதிலிட்டிருந்தார். அந்த இரண்டெழுத்தின் பேரில் பெரும்பகுதி கிடைத்தது. பிள்ளைகள் கைபேசியை வைத்திருப்பதில் இப்படியும் ஒரு நன்மை!

அடுத்து, பலரும் படியாமல் கையொப்பமிடும் ஒரு வரி: ‘எங்களுக்குப் பணம் வந்த பின் உங்களுக்குத் தரப்படும்.’ பார்வைக்கு நியாயமாகத் தோன்றும். உட்பொருளோ, முகமறியாத மனையுரிமையாளர் நொடித்தால் அந்தச் சுமை சித்தாளுக்குச் சம்பளம் தரும் கைக்கு இறங்குவது. நம் குடும்பங்கள் பல வேர்விட்டிருக்கும் சிங்கப்பூரில் 2004ஆம் ஆண்டுச் சட்டமும், மலேசியாவில் 2012இல் இயற்றி 2014 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த சட்டமும், கட்டுமானத் தொழிலில் இத்தகைய நிபந்தனைக்கு வலுவில்லாமல் செய்துவிட்டன. இந்தியாவில் அதற்கென்று தனிச்சட்டம் இல்லை. எனவே அந்த வரியை நாமே அடித்துவிட்டு, ‘பில் கொடுத்த 30 நாளில்’ என்று எழுதக் கேட்க வேண்டும். பெரியவர் இணங்காவிடில், ‘எவ்வாறாயினும் 60 நாளுக்கு மிகாமல்’ என்றேனும் ஓர் எல்லை வேண்டும். இரண்டு பில்கள் நிலுவையில் நின்றால் வேலையை நிறுத்தும் உரிமையும் அதே தாளில் இடம்பெறட்டும். எழுதாமல் நிறுத்தினால், வேலையை நட்டாற்றில் விட்டதாக நம்மீதே பழி வரும்.

இதில் வீட்டாருக்கும் ஒரு பணி உண்டு. எத்தனை சனிக்கிழமைச் சம்பளம் வரை நம் கையிருப்பு தாங்கும் என்பதைக் கணவனும் மனைவியும் வேலை தொடங்குமுன் உட்கார்ந்து கணக்கிட வேண்டும். ஐந்து வாரம் தாங்கும் எனில், ஐந்து வார வேலைக்கு மேல் எவரிடமும் நிலுவை நிற்கலாகாது. பெரிய வேலை கிடைத்த மகிழ்ச்சியில் இந்தக் கணக்கை மறந்தவர்களே நகையை அடகு வைக்கின்றனர். பின் கந்துவட்டிக்காரரின் வாசலில் நிற்கின்றனர். அதன் பாவமும் பாரமும் எத்தகையவை என்பதை வாசகர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

இவ்வளவும் செய்தும் பணம் வராவிட்டால்? பொறுமை நற்குணமே, ஆயினும் சட்டம் கால எல்லை வைத்திருக்கிறது. பணம் தரும் நாள் குறிக்கப்படாத வேலைக்கு, வேலை முடிந்த நாளிலிருந்து 3 ஆண்டுகளுக்குள் வழக்கிட வேண்டும் என்பது 1963ஆம் ஆண்டுக் காலவரையறைச் சட்டம். ‘அடுத்த மாதம், அடுத்த மாதம்’ என்ற சொல்லை நம்பியே அந்த மூன்றாண்டும் கழிந்துவிடும். அது கழியுமுன் ‘இவ்வளவு தர வேண்டியுள்ளது’ என்று கையொப்பத்தோடு ஒரு சீட்டு வாங்கிவிட்டால், அன்றிலிருந்து புதிதாக 3 ஆண்டுகள் தொடங்கும். காசோலை வாங்கினால் 3 மாதத்துக்குள் வங்கியில் இடுக. பணமின்றித் திரும்பினால், அச்செய்தி கிடைத்த 30 நாளுக்குள் எழுத்தில் அறிவிப்பு அனுப்புக. அவர் பெற்ற 15 நாளில் செலுத்தாவிடில், அடுத்த ஒரு மாதத்துக்குள் புகார் செய்க. இந்த நாட்கணக்கில் பிசகினால் நல்ல வழக்கும் தள்ளாடிவிடும்.

சிறு தொழில் என்று உத்யம் தளத்தில் கட்டணமின்றிப் பதிவு செய்துகொள்வதும் நலம். 2006ஆம் ஆண்டுச் சட்டப்படி, பதிவுபெற்ற குறு, சிறு நிறுவனத்துக்குத் தர வேண்டியதை 45 நாளுக்கு மேல் இழுக்கலாகாது. கட்டட ஒப்பந்தங்களுக்கு அச்சட்டம் பொருந்துமா என்பதில் உயர்நீதிமன்றங்கள் ஒருமித்துத் தீர்ப்பளிக்கவில்லை. ஆதலால் அதை மட்டுமே நம்பியிருத்தல் கூடாது. தாமதத்துக்குக் கூட்டு வட்டியும் உண்டு என்று அச்சட்டம் சொல்வதால் நம்மவர் சிலர் அதன் பக்கமே போவதில்லை. வட்டியை வேண்டாம் என்பது சரி. அசலைக் கேட்கத் தயக்கம் ஏன்?

கடைசியாகப் பிடித்தத் தொகை. பில்லில் நூற்றுக்கு ஐந்தோ பத்தோ பிடித்து வைத்து, குறையேதும் வெளிப்படாவிடில் ஆறு மாதமோ ஓராண்டோ கழித்துத் தருவது வழக்கம். பத்து லட்ச ரூபாய் வேலையில் இலாபம் ஒரு லட்சம் என்று கொள்வோம். பிடித்தமும் பத்து விழுக்காடாயின் ஒரு லட்சமே. கையில் வந்த ஒன்பது லட்சமும் சம்பளத்துக்கும் சாமானுக்கும் சென்றுவிட்டது. இலாபம் முழுவதும் அவரிடம் இருக்கிறது! ஆகவே அந்த ஆறு மாதம் நம் வேலை முடிந்த நாளிலிருந்தா, முழுக் கட்டடமும் முடியும் நாளிலிருந்தா என்பது தேதியோடு எழுதப்பட வேண்டும். ‘கணக்கு முழுவதும் தீர்ந்தது’ என்ற தாளைக் கடைசிப் பில்லோடு நீட்டுவார்கள். பிடித்தத் தொகை இன்னும் வரவேண்டியுள்ளது என்பதை அதே தாளில் நம் கையாலேயே எழுதி, அதன் கீழ் கையொப்பமிட்டு, ஒரு நகலை வீட்டுக்குக் கொண்டு வருக.