புத்தாண்டும் புதுக்கணக்கும்

ஆண்டு பிறக்கும்பொழுது ஆசையும் உடன்பிறக்கின்றது. டிசம்பர் 31ஆம் நாள் நள்ளிரவில் ஆலயமணி ஒலிக்கக் கேட்டு, வாக்குத்தத்த அட்டையைக் கையில் ஏந்தி இல்லம் திரும்புவோர் உள்ளத்திலே யாதேனும் ஒரு தீர்மானம் உருவாகாமற் போவதில்லை. வைகறையில் எழுவேன் என்கின்றான் மாணாக்கன். சினத்தை ஒழிப்பேன் என்கின்றார் அலுவலக எழுத்தர். இத்தீர்மானங்கள் பொங்கலுக்கு முன்னரே தளர்ந்துபோதலும், அதனை நினைந்து நாம் நகைத்தலும் ஆண்டுதோறும் காணும் காட்சியே. மாணாக்கன் தீர்மானம் தவறின் அவனுக்கு உறக்கம் சிறிது மிகும், அவ்வளவே. எழுத்தர் தீர்மானம் தவறினும் அவருக்குத் திங்கள்தோறும் வரும் சம்பளம் குறைவதில்லை.

ஆனால், திங்கட்சம்பளம் என்பதொன்று இல்லாதார் நம்மிடையே பலர் உளர். தையற்கடை வைத்திருப்போர், சிறு அச்சகம் நடத்துவோர், தெருமுனையிற் பலகாரம் விற்போர், வீட்டிலிருந்தே படம் வரைந்தும் மெய்ப்புத் திருத்தியும் மொழிபெயர்த்தும் கூலி பெறுவோர் ஆகிய இவரெல்லாம் தமக்குத் தாமே முதலாளியும் தொழிலாளியும் ஆவர். அவர்கள் புத்தாண்டிற் செய்யும் தீர்மானம் வெறுஞ்சொல் அன்று. அது கைம்முதலைத் தொடும், கடனைத் தொடும், வீட்டு அடுப்பையும் தொடும். ஆதலின், அன்னோர் தம் தீர்மானத்தை எங்ஙனம் செய்தல் வேண்டும் என்பது பற்றி என் கருத்தைக் கூறத் துணிகின்றேன். அக்கருத்து மிகச் சிறியது: கணக்கு முந்துக, தீர்மானம் பிந்துக.

ஜனவரி என்னும் பெயர் பண்டை உரோமர் வணங்கிய ஜானஸ் என்னும் தேவன் பெயரால் அமைந்தது. அவனுக்கு முகம் இரண்டு. ஒன்று சென்றதை நோக்கும். மற்றொன்று வருவதை நோக்கும். அத்தேவனை நாம் வணங்குவதில்லை. எனினும் அவ்வுருவம் உணர்த்தும் பாடத்தைக் கொள்ளுதல் தவறாகாது. நம் தீர்மானங்களோ ஒரே முகம் உடையன. "வரும் ஆண்டில் விற்பனையை இரட்டிப்பாக்குவேன்" என்று மார்தட்டுவாரிடம், "சென்ற ஆண்டின் விற்பனை எவ்வளவு?" என்று வினவிப் பாருங்கள். பலர் விழிப்பர். எதனுடைய இரட்டிப்பு என்றறியாமல் இரட்டிப்பை விழைதல் ஆசையாகுமேயன்றிக் குறிக்கோள் ஆகாது.

இன்னுமொன்று. ஜனவரி முதல் நாளுக்கெனத் தனிச்சிறப்பு யாதும் இயற்கையில் இல்லை. இங்கிலாந்து தேசத்தில் 1752ஆம் ஆண்டிற்கு முன்னர்ச் சட்டப்படி ஆண்டு தொடங்கியது மார்ச்சு 25ஆம் நாளில் ஆகும். நம் நாட்டு அரசாங்கக் கணக்கு 1867 முதல் ஏப்ரல் முதல் நாளிலே தொடங்குகின்றது. நம் வணிகருட் பலர் சித்திரை முதல் நாளிற் புதுக்கணக்கு எழுதுவர். ஆண்டு என்பது மக்கள் தம் வசதிக்காக நட்டுக்கொண்ட எல்லைக்கல் என்பது இதனால் விளங்கும். அங்ஙனமாயின், ஒவ்வொரு தொழிலுக்கும் அதற்குரிய ஆண்டு ஒன்று உண்டு என்பதை நாம் ஏன் மறத்தல் வேண்டும்?

இதனை யான் நூலிற் கற்றேன் அல்லேன், வீட்டிற் கற்றேன். என் தந்தையார் தையற்காரர். நெல்லைச் சீமையில் எங்கள் ஊர்த் தையற்கடைக்கு அறுவடைக்காலம் மூன்று. ஜூன் மாதத்திற் பள்ளிச் சீருடை, ஐப்பசியில் தீபாவளி, டிசம்பரிற் கிறிஸ்துமஸ். கிறிஸ்துமஸுக்கு முந்தைய மூன்று வாரமும் கடையில் விளக்கு அணைவதில்லை. அம்மா காஜா எடுப்பார்கள். அக்காள் பொத்தான் தைப்பாள். யான் துணிக்கு இஸ்திரி போடுவேன். ஆதலால், ஜனவரி முதல் நாள் காலையிற் கல்லாப்பெட்டி நிறைந்திருக்கும், உடலோ தளர்ந்திருக்கும். நிறைந்த பெட்டியும் தளர்ந்த உடலும் சேர்ந்து செய்யும் தீர்மானத்திற்கு நிதானம் எங்ஙனம் வரும்?

2023ஆம் ஆண்டு ஜனவரி முதல் நாள் ஆராதனை முடிந்து வந்தவுடன், "இவ்வாண்டு கடையைப் பெரிதாக்குவேன்" என்று தந்தையார் கூறினார்கள். எங்களுக்கெல்லாம் பெருமகிழ்ச்சி. ஓவர்லாக் பொறி ஒன்றும் தையற்பொறி ஒன்றும் தவணைக்கு வந்தன. தைப்பதற்கு ஆள் ஒருவரும் அமர்த்தப்பட்டார். பிப்ரவரி பிறந்தது, கடைவாசல் ஓய்ந்தது. மார்ச்சு மாதத்திற் பழைய கால்சட்டையைச் சுருக்குவதும் கிழிந்த பையைத் தைப்பதுமே வேலை. ஜூனில் ஒரு கல்விச்சாலைக்குச் சீருடை தைத்துக் கொடுத்தோம்; அதற்குரிய கூலி அக்டோபரிலேதான் கைக்கு வந்தது. இடையில் நான்கு தவணை தவறின. அம்மாவின் வளையல் இரண்டும் அடகுக்குச் சென்றன. அவ்வாண்டு தீபாவளிக்கு ஊரார் அணிந்த புத்தாடையிற் பல எங்கள் வீட்டுப் பொறியில் தைத்தவை. எங்கள் வீட்டில் மட்டும் அவ்வாண்டு கிறிஸ்துமஸுக்கும் புத்தாடை இல்லை.

தந்தையார் சோம்பர் அல்லர்; குடிப்பழக்கம் உடையாரும் அல்லர். அவர்கள் கொண்ட ஆசையும் தவறன்று. டிசம்பரின் வரவைக் கண்டு பன்னிரண்டு மாதத்திற்கும் திட்டம் வகுத்ததே தவறு.

மறு ஜனவரியில் அக்காளும் யானும் அளவு நோட்டையும் ரசீதுப் புத்தகங்களையும் எடுத்துவைத்துக்கொண்டு மூன்று மாலை அமர்ந்து கணக்கிட்டோம். மூன்று உண்மைகள் வெளிப்பட்டன. முதலாவது, ஆண்டு வரவிற் பாதிக்கு மேல் மூன்றே பருவங்களில் வந்திருந்தது. இரண்டாவது, லைனிங் வைத்த ரவிக்கைக்கு 2019இல் வைத்த கூலியே இன்னும் நின்றது. நூலும் லைனிங் துணியும் மின்கட்டணமும் நில்லாமல் ஏறியிருந்தன. நாங்கள் மிகுதியாகத் தைத்த அதனிலேதான் எங்களுக்கு ஊதியம் மிகக் குறைவு. மூன்றாவது, வீட்டிற்குப் பாலும் காய்கறியும் வாங்கக் கல்லாவிலிருந்து எடுத்த பணம் எவ்விடத்தும் எழுதப்படவில்லை. கடை வீட்டைத் தாங்கியதா, வீடு கடையைத் தின்றதா என்று கேட்டால் விடை கூற ஏடு இல்லை.

கணக்கு முந்துதல் வேண்டும் என்பது புதுக்கொள்கையும் அன்று. 1494ஆம் ஆண்டில் வெனிஸ் நகரத்தில் லூக்கா பாச்சோலி என்னும் பிரான்சிஸ்கு சபைத் துறவி அச்சிட்ட கணித நூலின் ஒரு பகுதி, அந்நகர வணிகர் பற்றுவரவு எழுதும் முறையை விளக்குகின்றது. அதன்கண் வணிகனுக்கு இடப்படும் முதற்பணி, தன்னிடம் உள்ள பொருளையும் கடனையும் ஒன்றுவிடாமற் பட்டியலிடுதலே. உலகைத் துறந்த துறவி உலகியலுக்கு வகுத்த வழி இஃது. நம் வள்ளுவனாரும் தெரிந்துசெயல்வகையை 47ஆம் அதிகாரமாகவும், வலியறிதலை 48ஆம் அதிகாரமாகவும், காலமறிதலை 49ஆம் அதிகாரமாகவும் வைத்தார். அரசர்க்கு உரைத்த அம்முறை தையற்காரர்க்கும் பொருந்தும். ஆராய்ச்சி முதலாவது, வலிமையை அளத்தல் இரண்டாவது, காலம் மூன்றாவது. நாமோ நாட்காட்டியைத் தொங்கவிட்டவுடனே காலத்திலிருந்து தொடங்குகின்றோம்.

கணக்கு முடிந்தபின் தீர்மானம் எத்தகையதாக இருத்தல் வேண்டும்? அது நம் செய்கையைப் பற்றியதாக இருத்தல் வேண்டும். பிறர் பணப்பையைப் பற்றியதாக இருத்தல் ஆகாது. "இவ்வாண்டு நூறு புதிய வாடிக்கைக்காரரைப் பெறுவேன்" என்பது நம் கையில் இல்லை. "ஒவ்வோரிரவும் கடை சாத்துமுன் வரவு செலவு எழுதுவேன்; ஒவ்வொரு சனிக்கிழமையும் நிலுவை கேட்பேன்; ஒவ்வொரு மார்ச்சு மாதமும் கூலியை மறுபடி பார்ப்பேன்" என்பன நம் கையில் உள்ளன. அவை சிறியன; ஆயினும் தவறினால் தவறிய அன்றே தெரியும்.

பெஞ்சமின் பிராங்க்ளின் அமெரிக்க தேசத்தின் பெருமக்களுள் ஒருவர். அவர் 1728இல் பிலடெல்பியா நகரில் சொந்தமாக அச்சுக்கூடம் தொடங்கியபொழுது கடன்பட்ட சிறு தொழிலாளரே. அவர் பதின்மூன்று நற்பண்புகளைக் குறித்துக்கொண்டு, வாரம் ஒன்றுக்கு ஒரு பண்பையே சிறப்பாகக் கவனித்து, தவறியபொழுதெல்லாம் சிறு புத்தகத்திற் கரும்புள்ளி இட்டுவந்தார். பதின்மூன்று வாரம் நான்கு முறை சுழன்றால் ஓர் ஆண்டு. அனைத்திலும் ஒழுங்குடைமை என்னும் ஒன்றே தமக்கு மிகுந்த தொல்லை தந்தது என்று அவர் தம் வரலாற்றில் ஒப்புக்கொள்கின்றார். ஒரே நாளில் எல்லாவற்றையும் திருத்த முயலாமல், வாரத்திற்கு ஒன்றாகப் பிரித்தமையே அவர் முறையில் நாம் கொள்ளத்தக்கது.

நிலுவையைப் பற்றி ஒரு சொல். சிறு தொழிலாளர் பணத்தைக் கேட்க நாணுகின்றனர். கேட்டால் வாடிக்கை போய்விடுமோ என்று அஞ்சுகின்றனர். 2006ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில்கள் மேம்பாட்டுச் சட்டம், பதிவுபெற்ற சிறுதொழிலாளரிடம் பொருளோ வேலையோ பெற்றவர், எழுத்தில் ஒப்பந்தம் இருப்பினும் 45 நாளுக்கு மேற்படாமற் பணம் செலுத்துதல் வேண்டும் என்கின்றது. ஒப்பந்தம் இல்லையேல் 15 நாள். தவறினால் வட்டியும் உண்டு. பதிவுக்குரிய 'உத்யம்' முறை 2020 ஜூலை முதல் நாள் தொடங்கியது. அதற்குக் கட்டணம் இல்லை. சீருடைக் கூலிக்காக நான்கு மாதம் நடந்த தந்தையார்க்கு இச்செய்தி தெரியாது. எங்களுக்கும் தெரியாது. அறியாமைக்கு நாங்கள் இட்ட வரி இரண்டு வளையல்.

இக்கருத்திற்கு மறுப்புக் கூறுவார் உளர். அவர்களுள் முதல்வர் என் தந்தையாரே. "கணக்குப் பார்த்திருந்தால் யான் இந்தக் கடையைத் திறந்தே இருக்கமாட்டேன், நீயும் கல்லூரிக்குப் போயிருக்கமாட்டாய்" என்று அவர்கள் ஒருநாள் சொன்னார்கள். அச்சொல்லுக்கு யான் உடனே விடை கூற முடியாமல் நின்றேன். அதில் உண்மை இருக்கின்றது. எண்ணி எண்ணியே கால் வையாதாரும் உலகத்தில் உளர். துணிவு கணக்கிலிருந்து பிறப்பதில்லை. ஆயினும், திறத்தற்குத் துணிவு போதும். திறந்த கதவு சாத்தப்படாமற் காத்தற்குக் கணக்கு வேண்டும். ஆண்டுதோறும் புதிதாகத் துணிந்துகொண்டிருப்பவர் ஆண்டுதோறும் தொடக்கத்திலேயே நிற்பர்.

வேறு சிலர், நாளை நம்முடையதன்று என்று வேதம் சொல்ல, நாம் திட்டம் வகுத்தல் விசுவாசக் குறைவு அன்றோ என்பர். யாக்கோபு நிருபம் 4ஆம் அதிகாரத்தில், இன்ன ஊர் சென்று ஓராண்டு வாணிகம் செய்து இலாபம் பெறுவோம் என்று பேசுவாரை அப்போஸ்தலர் கண்டிக்கின்றார் என்பது மெய்யே. கண்டிக்கப்படுவது எண்ணிப்பார்த்தல் அன்று, செருக்கு. லூக்கா சுவிசேஷம் 14ஆம் அதிகாரத்தில் கோபுரம் கட்ட விழைபவன் முன்னதாக உட்கார்ந்து செலவைக் கணக்கிடுவதை ஆண்டவரே எடுத்துக்காட்டுகின்றார். யாக்கோபு கடிந்த வணிகர் வருவாயைப் பேசினர். கோபுரம் கட்டுவோன் கையிருப்பை எண்ணினான். இரண்டிற்கும் உள்ள வேற்றுமையே யான் இங்குக் கூறவந்த வேற்றுமை.

இப்பொழுது எங்கள் கடைச்சுவரில், வாக்குத்தத்த அட்டைக்குக் கீழே ஒரு தாள் ஒட்டப்பட்டிருக்கின்றது. அது ஜனவரியில் எழுதப்பட்டதன்று. ஜனவரி முதல் மார்ச்சு வரை வேலை குறைந்த காலம்; அக்காலத்தில் ஐந்தொகை எடுத்து, சீருடைப் பருவம் வருமுன் ஏப்ரல் முதல் நாளில் எழுதப்பட்டது. மூன்றே வரி உள்ளன. வீட்டுக்கென வாரந்தோறும் ஒரு தொகை, அதற்குமேல் கல்லாவைத் தொடுவதில்லை. முன்பணம் பெறாமற் சீருடை தைப்பதில்லை. ஞாயிற்றுக்கிழமை டிசம்பரிலும் கடை திறப்பதில்லை. மூன்றாவது வரியைத் தந்தையாரே எழுதினார்கள். கூலியைச் சிறிது உயர்த்தியபொழுது வாடிக்கைக்காரர் சிலர் வேறு கடைக்குச் சென்றனர், பலர் நின்றனர். கடை பெரிதாகவில்லை. வளையல் இரண்டனுள் ஒன்று மீண்டது. மற்றொன்று எப்பொழுது மீளும் என்பது இப்பொழுது எங்கள் ஏட்டிலே எழுதப்பட்டிருக்கின்றது.

தோழர்காள்! நம்முள் பலர் இத்தகைய கடைகளின் பிள்ளைகள். நம் கல்லூரிக் கட்டணம் அக்கல்லாப்பெட்டிகளிலிருந்து வருகின்றது. நாளை நம்மிலும் சிலர் சம்பளம் அற்ற தொழிலையே மேற்கொள்வோம். விடுமுறைக்கு ஊர் செல்லும்பொழுது, "புத்தாண்டில் என்ன தீர்மானம் செய்தீர்கள், அப்பா?" என்று கேளாதீர்கள். "சென்ற ஆண்டு நோட்டை எடுங்கள், யான் கூட்டித் தருகின்றேன்" என்று சொல்லுங்கள். இலக்கணமும் இலக்கியமும் நமக்குக் கற்பித்த வீடு அது. அவ்வீட்டிற்கு நாம் கூட்டலும் கழித்தலுமேனும் திருப்பிச் செய்தல் கடனாகும். அந்த மாலை எந்நாளில் வருகின்றதோ, அந்நாளே அவ்வீட்டிற்குப் புத்தாண்டு.