நிராகரிப்பு இல்லை என்பது பாதி உண்மை

இதய வால்வு மாற்றினால் உடல் அதை நிராகரிக்காது. சிறுநீரகம் மாற்றியவர்களைப் போல ஆயுள் முழுக்க எதிர்ப்பை அடக்கும் மாத்திரை வேண்டாம். பொதுவாகச் சொல்லப்படுவது இதுதான். மாத்திரை வேண்டாம் என்பது சரி. நிராகரிக்காது என்பது பாதி உண்மை. நோயாளி குழந்தை என்றால், மீதிப் பாதிதான் முக்கியம்.

முதலில் பன்றி வால்வு. 1960களின் கடைசியில் பாரிஸில் அலேன் கார்பான்டியே அதைக் குளூட்டரால்டிஹைடில் ஊறவைத்துப் பதப்படுத்தும் முறையைக் கொண்டுவந்தார். தோல் பதனிடுவது மாதிரிதான். புரதங்கள் ஒன்றோடொன்று பிணைந்து, அந்நிய அடையாளம் பெருமளவு மறைகிறது. மறைகிறதே தவிர, முழுதாக அழிவதில்லை. பன்றித் திசுவில் 'ஆல்பா-கால்' என்றொரு சர்க்கரை உண்டு. மனித உடலில் அது கிடையாது. ஆனால் குடலில் வாழும் பாக்டீரியாக்களிடம் அது இருப்பதால், அதற்கான எதிர்ப்பான்கள் எல்லோர் ரத்தத்திலும் முன்பே தயாராக இருக்கின்றன! குழந்தைகளிடம் இந்த வால்வுகள் சீக்கிரம் சுண்ணாம்பு படிந்து இறுகிப்போவதற்கு இந்த எதிர்ப்பும் ஒரு காரணமாகக் கருதப்படுகிறது.

செல்களை நீக்கிவிட்டால் பிரச்சினை தீருமா? 2001ல் அப்படித் தயாரித்த பன்றி வால்வுகள் நான்கு குழந்தைகளுக்குப் பொருத்தப்பட்டன. ஓராண்டுக்குள் மூவர் இறந்தனர். நான்காவது குழந்தைக்கு இரண்டே நாளில் வால்வை எடுத்துவிட்டார்கள். எடுத்த வால்வுகளில் கடுமையான அழற்சி இருந்தது. 2003ல் வெளியான மருத்துவக் கட்டுரை இதைப் பதிவு செய்திருக்கிறது.

மனித வால்வு பரவாயில்லையா? 1962ல் லண்டனில் டொனால்ட் ராஸ் இறந்தவரின் வால்வைப் பொருத்தியதிலிருந்து இது வழக்கத்தில் இருக்கிறது. உறையவைத்துப் பாதுகாத்த வால்வில் கொடையாளியின் செல்கள் மிச்சமிருக்கும். அவற்றுக்கு எதிராகப் பெரும்பாலான குழந்தைகளின் உடலில் எச்.எல்.ஏ. எதிர்ப்பான்கள் உருவாகின்றன. வால்வு கெடுவதில் இவற்றின் பங்கு எவ்வளவு என்ற வாதம் இன்னும் ஓயவில்லை. இன்னொரு விளைவில் வாதமே இல்லை. அந்தக் குழந்தைக்குப் பின்னாளில் முழு இதயமே மாற்ற வேண்டி வந்தால், பொருந்தும் இதயம் கிடைப்பது கடினமாகிவிடும். இன்று உயிரைக் காத்த வால்வு, நாளைய வழியைக் குறுக்கிவிடுகிறது.

பெற்றோரை ஏன் வீணாகப் பயமுறுத்த வேண்டும் என்று கேட்கலாம். அறுவையே வேண்டாம் என்பதல்ல வாதம். உலோக வால்வு போட்டால் ரத்தம் உறையாமலிருக்க ஆயுள் முழுக்க மருந்து. எந்த வால்வும் இல்லாவிட்டால் பல குழந்தைகளுக்கு உயிரே இல்லை. ஆனால் தெரிந்தால் கேட்க முடியும்: செல் நீக்கிய மனித வால்வு கிடைக்குமா? (அதில் எதிர்ப்பான்கள் குறைவாகவே உருவாகின்றன.) எதிர்ப்பான் பரிசோதனை எப்போது? அடுத்த அறுவை எத்தனை வருடத்தில் வரலாம்?

வால்வு கெட்டால் 'தேய்ந்துவிட்டது' என்று ஒரே சொல்லில் முடித்துவிடுகிறார்கள். செருப்பு தேயும், செருப்பை உடல் எதிர்ப்பதில்லை. இந்த வித்தியாசத்தை அறுவைக்கு முன்பே, புரியும் மொழியில் சொல்வது சலுகை அல்ல, கடமை.