தானாக யாரும் தேறிவிடவில்லை

கொரோனாவால் படிப்பில் பின்தங்கிய பிள்ளைகள் பள்ளி திறந்ததும் தாமாகவே தேறிவிட்டார்கள், தமிழ்நாடு அரசின் ‘இல்லம் தேடிக் கல்வி’ மாலை மையங்களுக்குச் செலவழித்த பணம் வீண், இன்றைக்கும் வாசிக்கத் தெரியாதவர்களை அதே வகுப்பில் நிறுத்திவைப்பதுதான் மருந்து. சென்ற இதழில் வெளியான கட்டுரையின் சாரம் இவ்வளவுதான். முதல் இரண்டும் தவறு. மூன்றாவது கொடுமை.

தேறிவிட்டார்கள் என்பதற்குக் கட்டுரையாளர் காட்டும் சான்று ஒரே ஓர் ஆய்வு. அபிஜீத் சிங், மொரீசியோ ரொமேரோ, கார்த்திக் முரளிதரன் மூவரும் தமிழ்நாட்டுக் கிராமப்புறங்களில் சுமார் 19,000 பிள்ளைகளைக் கொண்டு நடத்தியது அது. பள்ளி திறந்த ஆறு மாதத்தில் இழப்பில் மூன்றில் இரண்டு பங்கு ஈடாகிவிட்டது என்று அதில் இருப்பது உண்மை. அந்த வரியோடு அவர் நிறுத்திக்கொண்டார். ஈடானதில் 24 விழுக்காடு இல்லம் தேடிக் கல்வியால் வந்தது என்றும் அதே ஆய்வு சொல்கிறது. எந்தத் திட்டத்தை வீண் என்று ஏசுகிறாரோ, அதன் பலனையே எடுத்து, அந்தத் திட்டம் தேவையில்லை என்பதற்குச் சான்றாக்குகிறார். ஆய்வைப் படிக்காமல் எழுதியிருந்தால் அது பொறுப்பின்மை. படித்துவிட்டே எழுதியிருந்தால் வாசகரை ஏமாற்றியிருக்கிறார்.

அந்த ஆய்வில் அவர் தொடாமல் விட்ட இன்னொன்றும் உண்டு. இழப்பு வசதி குறைந்த வீடுகளில்தான் அதிகம். பிறகு வேகமாக மீண்டதும் அந்த வீட்டுப் பிள்ளைகள்தான். மாலை மையங்களுக்கு அவர்கள் கூடுதலாக வந்தது அதற்கு ஒரு காரணம் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். இதற்குத் தானாகத் தேறுவது என்று பெயரில்லை. யாரோ உட்கார்ந்து சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள்.

சரி, ஈடாகாத மூன்றில் ஒரு பங்கு எங்கே போயிற்று? 2020 மார்ச்சில் மூடிய பள்ளிகள் ஒன்று முதல் எட்டு வரையிலான வகுப்புகளுக்குத் திறந்தது 2021 நவம்பர் 1 அன்று. 2020 ஜூனில் ஒன்றாம் வகுப்பில் பெயர் பதிந்த குழந்தை முதன்முதலாக வகுப்பறையில் உட்கார்ந்தபோது அது இரண்டாம் வகுப்பு. ஒன்றாம் வகுப்பு என்று ஒன்று அதன் வாழ்க்கையில் நடக்கவே இல்லை. வீட்டில் இருந்த ஒரே செல்போன் அப்பாவோடு வேலைக்குப் போய்விடும். கல்வித் தொலைக்காட்சி பார்த்தும் பார்க்காமலும் ஓடியது. அந்தக் குழந்தைகள் மூன்றாம் வகுப்பில் இருந்தபோதுதான் 2022ஆம் ஆண்டின் அசர் (ASER) கல்விக் கணக்கெடுப்பு நடந்தது. தமிழ்நாட்டுக் கிராமப்புறங்களில் மூன்றாம் வகுப்பில் படித்தவர்களுள் இரண்டாம் வகுப்புப் பாடத்தை வாசிக்க முடிந்தவர்கள் 4.8 விழுக்காடு. 2018இல் இது 10.2. அந்தப் பழைய கணக்கே நாம் தலைகுனிய வேண்டியது. அதிலும் பாதிக்குக் கீழே இறங்கியிருந்தோம்.

வாசிக்க முடியாது என்றால் எப்படி முடியாது என்பதைக் கட்டுரையாளர் ஒரு நாளாவது பக்கத்தில் உட்கார்ந்து பார்க்க வேண்டும். எங்கள் தெரு மையத்தில் நான்காம் வகுப்புப் பையன் ஒருவன் ‘கொக்கு’ என்ற சொல்லில் நின்றான். கொம்பைப் பார்த்து ‘கெ’ என்றான். அடுத்திருந்த காலைத் தனியாக எடுத்து ‘ஆ’ என்றான். எழுத்துக்கு முன்னும் பின்னும் நிற்கிற இரண்டும் சேர்ந்துதான் ‘கொ’ என்று அவனுக்கு யாரும் சொல்லித்தரவில்லை. சொல்லித்தர வேண்டிய வருடத்தில் பள்ளி பூட்டிக்கிடந்தது. பி.எஸ்சி. முடித்த தன்னார்வலர்ப் பெண் அவன் கையைப் பிடித்துத் தரையில் எழுதவைத்தார். கொ, சொ, தொ, பொ என்று நாலைந்து நாள் அதே வேலை. பிறகு ‘தொட்டில்’ என்பதை அவனே வாசித்துவிட்டு, ‘அக்கா, சரியா?’ என்று கேட்டான். கட்டுரையாளர் ‘கல்வித் தகுதியற்ற கூட்டம்’ என்கிற வகையில் ஒதுக்கித்தள்ளுவது இந்தப் பெண்ணைப் போன்றவர்களை.

பணம் வீண் என்கிறாரே, அந்தக் கணக்கையும் பார்ப்போம். தன்னார்வலருக்குத் தரப்பட்டது மாதம் 1,000 ரூபாய் ஊக்கத்தொகை. ஒரு மையத்துக்குச் சுமார் 20 பிள்ளைகள். ஆக, ஒரு பிள்ளைக்கு மாதம் 50 ரூபாய். 2021 அக்டோபர் 27 அன்று மரக்காணம் அருகே முதலியார்குப்பத்தில் தொடங்கிய திட்டத்தில் ஏறக்குறைய இரண்டு லட்சம் பேர் இந்தத் தொகைக்குத்தான் தினமும் மாலையில் ஒன்று முதல் ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்தார்கள். இவர்களுக்கு இன்னும் நல்ல பயிற்சி தந்திருக்க வேண்டும், ஊதியம் என்று சொல்லத்தக்க ஒன்றைத் தந்திருக்க வேண்டும், ஆசிரியர் பணியிடங்களை நிரப்பாமலிருக்க இதைச் சாக்காக்கக் கூடாது என்று யாராவது எழுதினால் அவர்களோடு நானும் சேர்ந்து எழுதுவேன். அது நியாயமான விமர்சனம். அவர் எழுதியது அதுவல்ல.

காலம் ஆற்றிவிடும் என்ற நம்பிக்கைக்குப் பக்கத்து நாட்டிலேயே பதில் இருக்கிறது. 2005 அக்டோபரில் பாகிஸ்தானின் வட பகுதியில் பெரும் நிலநடுக்கம் வந்தது. அங்கே பள்ளிகள் மூடிக்கிடந்தது சராசரியாக 14 வாரம்தான். நிவாரணப் பணம் வந்தது, வீடுகள் எழுந்தன, நான்கு வருடத்தில் குடும்பங்கள் ஓரளவு நிமிர்ந்தன. பிள்ளைகள் மட்டும் நிமிரவில்லை. நிலநடுக்கப் பிளவுக்கு அருகில் வாழ்ந்த பிள்ளைகள், தொலைவில் இருந்தவர்களைவிட ஒன்றரை வருடப் படிப்பு பின்தங்கியிருந்ததை ஆய்வாளர்கள் கண்டார்கள். ஆரம்பக் கல்வியாவது முடித்த தாய்மார்களின் பிள்ளைகள் தப்பித்தார்கள். அதாவது, வீட்டில் சொல்லிக்கொடுக்க ஆள் இருந்தவர்கள். 14 வாரத்துக்கே இந்த நிலை என்றால், நம் தொடக்கப் பள்ளிகள் மூடிக்கிடந்தது ஒன்றரை வருடத்துக்கும் மேல்.

இனி அவருடைய மருந்துக்கு வருகிறேன். நிறுத்திவைத்தால் பயம் வரும், பயம் வந்தால் படிப்பார்களாம். ‘கொ’ வாசிக்கத் தெரியாத பிள்ளையை ஐந்தாம் வகுப்பில் நிறுத்தினால் அடுத்த ஜூனில் அதன் கையில் என்ன கிடைக்கும்? அதே ஐந்தாம் வகுப்புப் புத்தகம். விட்டுப்போனது ஒன்றாம் வகுப்பு. திரும்பக் கொடுப்பது ஐந்தாம் வகுப்பு. உடன் படித்தவர்கள் மேலே போய்விட, தன்னைவிடச் சின்னப் பிள்ளைகளோடு உட்கார வெட்கப்பட்டு அது பள்ளிக்கு வருவதை நிறுத்தும். பெண் என்றால் வீட்டு வேலைக்கு ஆள் கிடைத்தது என்று வைத்துக்கொள்வார்கள். பையன் என்றால் ஒர்க்‌ஷாப்புக்கோ பனியன் கம்பெனிக்கோ போவான். இந்த வழியைத் தமிழ்நாடு ஒருமுறை எட்டிப்பார்த்துவிட்டுத் திரும்பியிருக்கிறது. ஐந்து, எட்டாம் வகுப்புகளுக்குப் பொதுத்தேர்வு என்று அறிவித்து, கடும் எதிர்ப்புக்குப் பின் 2020 பிப்ரவரியில் அரசே அதைக் கைவிட்டது. 2024 டிசம்பரில் ஒன்றிய அரசு தன் பள்ளிகளில் நிறுத்திவைக்கும் முறையைக் கொண்டுவந்தபோதும் தமிழ்நாடு மறுத்தது. சரியாகவே மறுத்தது.

பள்ளியைப் பூட்டியது பிள்ளையல்ல. பூட்டியதற்கான தண்டனையை அதன் தலையில் கட்டச் சொல்கிறவர் கல்வியைப் பற்றிப் பேசவில்லை.

பிள்ளைகளைத் தேடிப்போகாமல் விட்டால் என்ன ஆகும் என்பதை 2023 மார்ச்சில் பார்த்தோம். பிளஸ் டூ மொழித்தாள் தேர்வுக்குச் சுமார் 50 ஆயிரம் பேர் வரவில்லை. பத்தாம் வகுப்புத் தேர்வு ரத்தாகி, தேர்ச்சி என்று அறிவிக்கப்பட்டு வந்த வருடத்தவர்கள் அவர்கள். பலர் பிளஸ் ஒன்னிலேயே பள்ளியை விட்டுப் போய்விட்டார்கள்; வருகைப் பதிவேட்டில் பெயர் மட்டும் இருந்தது. கட்டுரையாளர் இதைச் சோம்பல் என்கிறார். 15 வயதில் குடும்பத்துக்காகச் சம்பாதிக்கப் போன பையனைச் சோம்பேறி என்று எழுத அவருக்கு எப்படிக் கை வந்தது?

பள்ளிக் கல்வித்துறையையும் தலைமை ஆசிரியர்களையும் நான் கேட்பது இதுதான். எண்ணும் எழுத்தும் திட்டம் மூன்றாம் வகுப்புவரை உள்ள பிள்ளைகளை நினைத்துத் தொடங்கப்பட்டது. கொரோனாவில் ஒன்றாம் வகுப்பை இழந்தவர்கள் அந்த வயதைத் தாண்டிவிட்டார்கள். நடுநிலைப் பள்ளிகளில் அவர்களை ஒவ்வொருவராக வாசிக்கவைத்துப் பாருங்கள். எந்த எழுத்தில் நிற்கிறார்களோ அங்கிருந்து சொல்லிக்கொடுக்கத் தினமும் ஒரு பாடவேளை ஒதுக்குங்கள். மாலை மையங்களை மூடாதீர்கள். 2020இல் ஒன்றாம் வகுப்பில் சேர்ந்தவர்கள் 2030இல் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு எழுதுகிறார்கள். அதற்குள் செய்ய வேண்டிய வேலை இது.