மூளைப் படத்துக்குக் காவல் எது?

டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்பு மசோதா 2023 ஆகஸ்ட் 7-ம் தேதி மக்களவையிலும் 9-ம் தேதி மாநிலங்களவையிலும் குரல் வாக்கெடுப்பில் நிறைவேறியது. மணிப்பூர் விவகாரத்தில் இரு அவைகளும் கொந்தளித்துக் கொண்டிருந்த நேரம் அது. செல்பேசி எண், வங்கிக் கணக்கு, இணைய வணிகம் ஆகியவற்றுக்கான சட்டமாகவே அது பேசப்பட்டது. ஆராய்ச்சிக்கூடத்தில் எம்.ஆர்.ஐ. கருவிக்குள் படுத்தபடி திரைப்படம் பார்த்த ஒருவரின் மூளைப் பதிவுக்கு அதில் என்ன பாதுகாப்பு இருக்கிறது என்பது பொது விவாதத்தில் இடம்பெறவே இல்லை.

கேட்பதற்கு இது விசித்திரமாகத் தோன்றலாம். ஆனால், கடந்த 20 ஆண்டுகளில் மூளை ஆராய்ச்சியின் முக்கியக் கருவிகளில் ஒன்றாகத் திரைப்படம் மாறிவிட்டது. இஸ்ரேலின் வைஸ்மான் அறிவியல் நிறுவன ஆய்வாளர்கள், கிளிண்ட் ஈஸ்ட்வுட் நடித்த 'தி குட், தி பேட் அண்ட் தி அக்ளி' படத்தின் 30 நிமிடப் பகுதியை ஐந்து பேருக்குக் காட்டி, அப்போது அவர்களது மூளை ரத்தத்தில் பிராண வாயுவின் அளவு எப்படி மாறுகிறது என்று பதிவு செய்தனர். 2004-ல் வெளியான அந்த ஆய்வின் முடிவு பலரையும் வியக்க வைத்தது. அவர்களின் மூளை மேற்பரப்பில் ஏறத்தாழ 30 சதவீதப் பகுதி, ஒரே நேரத்தில் ஏறி ஒரே நேரத்தில் இறங்கியது. எண்ணங்களை வாசிக்கும் கருவி அல்ல இது. அப்படி எழுதும் பத்திரிகைகளுக்குக் குறைவில்லை என்பது வேறு விஷயம்.

திரைப்படம் ஏன் தேவைப்படுகிறது? பழைய சோதனைகளில் புள்ளிகளும் கோடுகளும் தனித்தனி ஒலிகளுமே காட்டப்பட்டன. வாழ்க்கை அப்படி அமைந்ததில்லை. முகம், குரல், அச்சம், அடுத்து என்ன என்ற எதிர்பார்ப்பு ஆகிய அனைத்தும் ஒன்றாகக் கலந்து வருவது திரைப்படத்தில்தான். தவிர, "இதைப் பார்த்தால் இந்தப் பொத்தானை அழுத்துங்கள்" என்று சிறு குழந்தையிடமோ, நினைவு மங்கிய முதியவரிடமோ சொல்லிப் பயனில்லை. படம் பார்க்க அவர்களாலும் முடியும். குழந்தைகள் தலையை அசைக்காமல் இருப்பதும் படம் ஓடும்போதுதான்.

இத்தகைய பதிவுகளுக்கு ஆகும் செலவு அதிகம். எனவே, ஒருவர் எடுத்த பதிவை உலகமே பயன்படுத்தும் வழக்கம் உருவானது. ஜெர்மனியின் மாக்டபர்க் நகர ஆய்வாளர்கள், பார்வையற்றோருக்காகத் தயாரான 'ஃபாரஸ்ட் கம்ப்' படத்தின் ஒலி வடிவத்தை 20 பேரைக் கேட்க வைத்து, அவர்களின் மூளைப் பதிவுகளை 2014-ல் அனைவருக்கும் இலவசமாகத் திறந்துவிட்டனர். பிரிட்டனின் கேம்பிரிட்ஜில் 18 முதல் 88 வயது வரையிலான 600-க்கும் மேற்பட்டோர், ஹிட்ச்காக்கின் 1961-ம் ஆண்டுத் தொலைக்காட்சிக் கதையொன்றின் 8 நிமிடச் சுருக்கத்தைப் பார்த்தனர். வயது ஏற ஏற மூளைகளின் ஒத்திசைவு குறைவதை அப்பதிவுகள் காட்டின. லண்டனில் 86 பேர் முழு நீளத் திரைப்படங்களைப் பார்த்த பதிவு 2020-ல் வெளியானது. நியூயார்க்கில் 5 முதல் 21 வயது வரையிலான 10,000 பேரை இலக்காகக் கொண்ட திட்டம் ஒன்றில், குழந்தைகளுக்கு கார்ட்டூன் படங்கள் காட்டப்படுகின்றன.

இவற்றைப் பயன்படுத்துவது கோப்பைத் திறந்து படிப்பது போன்ற எளிய வேலை அல்ல. எந்த விநாடியில் திரையில் முகம் வந்தது, யார் பேசினார், எப்போது காட்சி மாறியது என்று படத்தை விநாடி விநாடியாகக் குறிக்க வேண்டும். தலை அசைந்த இடங்களைத் திருத்த வேண்டும். ஒவ்வொருவரின் மூளையும் ஒவ்வொரு வடிவம் என்பதால் அவற்றை ஒன்றோடொன்று பொருத்த வேண்டும். உழைப்பு அதிகம், ஆனால், அதற்கு ஸ்கேன் கருவி தேவையில்லை, கணினி போதும். சொந்தமாக எம்.ஆர்.ஐ. கருவி வாங்க வழியில்லாத இந்தியப் பல்கலைக்கழகம் ஒன்றின் மாணவர், கேம்பிரிட்ஜ் முதியவரின் மூளையை ஆராய்ந்து முனைவர் பட்டம் பெற இயலும். அறிவியல் உலகில் இவ்வளவு தாராளமான ஏற்பாடுகள் அதிகம் இல்லை.

சிக்கலும் இங்குதான் தொடங்குகிறது. பதிவில் இருப்பது கேம்பிரிட்ஜ்வாசியின் மூளை; பார்த்தது ஹிட்ச்காக்கின் கதை. வீட்டில் ஒரு மொழி, கடையில் ஒரு மொழி, அலுவலகத்தில் வேறொரு மொழி என வாழும் இந்தியரின் மூளை பற்றி அது என்ன சொல்லும்? உத்தரப் பிரதேசத்தில் எழுத்தறிவில்லாதவர்களுக்கு, பெரும்பாலும் பெண்களுக்கு, ஆறு மாதங்கள் தேவநாகரி கற்பித்து, முன்னும் பின்னும் மூளையைப் படமெடுத்த ஆய்வு 2017-ல் வெளியானது. எழுதப் படிக்கக் கற்ற பின் மூளையின் ஆழ்பகுதிகளிலும் மாற்றம் தெரிந்தது. கிட்டத்தட்ட அனைவரும் பள்ளிக்குச் சென்றுவிட்ட நாடுகளில் இந்தக் கேள்வியைக் கேட்பதே கடினம்.

கருவிகள் இங்கு இல்லாமல் இல்லை. ஹரியாணாவின் மானேசரில் மத்திய அரசின் தேசிய மூளை ஆராய்ச்சி மையம் இருக்கிறது. பெங்களூரில் நிம்ஹான்ஸ் இருக்கிறது. கர்நாடகத்தின் ஸ்ரீனிவாசபுர வட்டாரக் கிராமங்களில் முதியோரின் மூளை நலனை இந்திய அறிவியல் நிறுவன வளாகத்திலுள்ள மூளை ஆராய்ச்சி மையம் நீண்டகாலமாகப் பின்தொடர்கிறது. பொதுப் பணத்தில் திரட்டப்பட்ட தரவு பொதுவில் கிடைக்க வேண்டும் என்று 2012-லேயே மத்திய அரசு கொள்கை வகுத்தது. உயிரியல் தரவுகளுக்கான வழிகாட்டுதல் 2021-ல் வந்தது. ஃபரீதாபாதில் இந்திய உயிரியல் தரவு மையம் 2022-ல் திறக்கப்பட்டது. சென்னை ஐ.ஐ.டி. தயாரித்த கருமூளை வரைபடமான 'தரணி', 5,132 மூளை வெட்டுப் பகுதிகளின் படங்களுடன் 2024 டிசம்பரில் உலகுக்கே இலவசமாக வெளியிடப்பட்டது. பகிர்ந்துகொள்ளும் மனமும் திறனும் இந்தியாவுக்கு உண்டு என்பதற்கு அது சாட்சி.

எந்தப் படத்தைக் காட்டுவது என்ற கேள்விக்கும் விடை அரசிடமே இருக்கிறது. மாக்டபர்க் தரவு இலவசம். படம் இலவசம் அல்ல. பதிப்புரிமை காரணமாக அதைத் தரவுடன் சேர்த்து விநியோகிக்க இயலாது. ஒவ்வொரு ஆய்வாளரும் வட்டு வாங்கி, குறித்த இடங்களில் வெட்டிக்கொள்ள வேண்டும். இந்தியாவில் 1948-ல் தொடங்கிய ஃபிலிம்ஸ் டிவிஷன் ஆயிரக்கணக்கான ஆவணப் படங்களை எடுத்துக் குவித்தது. தியேட்டரில் முக்கியப் படத்துக்கு முன் அவை ஓடியபோது வெளியே முறுக்கு வாங்கப் போனவர்களே அதிகம். ஆனால், ஒரே காட்சிகளுக்குப் பல இந்திய மொழிகளில் விளக்கவுரை அமைந்த அப்படங்கள், மொழி மாறும்போது மூளையில் என்ன மாறுகிறது என்று அறிய விரும்பும் ஆய்வாளருக்குப் புதையல். அந்தக் களஞ்சியம் இப்போது தேசியத் திரைப்பட வளர்ச்சிக் கழகத்தின் பொறுப்பில் உள்ளது. ஆராய்ச்சிப் பயன்பாட்டுக்கு அனுமதி அளிக்க மத்திய அரசின் ஓர் உத்தரவு போதும்.

இவ்வளவும் கூடிவந்தாலும், கருவிக்குள் படுக்கப் போகும் குடிமகனுக்கு அரசு என்ன உறுதி தரப் போகிறது என்பதுதான் அடிப்படைக் கேள்வி. 'தரணி'யில் உயிருள்ள எவரது அடையாளமும் இல்லை. படம் பார்ப்பவர் நாளை வேலைக்குப் போக வேண்டியவர், காப்பீடு எடுக்க வேண்டியவர். பெயரையும் முகவரியையும் நீக்கிவிட்டால் போதும் என்ற நம்பிக்கை தகர்ந்து சில ஆண்டுகள் ஆகின்றன. அமெரிக்காவின் மேயோ கிளினிக் ஆய்வாளர்கள் 84 பேரின் எம்.ஆர்.ஐ. பதிவுகளில் இருந்து முகங்களை மீட்டுருவாக்கி, சாதாரண முக அடையாள மென்பொருளிடம் கொடுத்தனர். 70 பேரை அது சரியாகக் கண்டுபிடித்தது. 2019-ல் இது வெளியான பின், முகப் பகுதியை அழித்தே பதிவுகளைப் பகிர வேண்டும் என்ற கட்டாயம் மேலும் வலுத்தது. அதுவும் முழுக் காப்பு அல்ல. 126 பேரின் பதிவுகளை வைத்து 2015-ல் வெளியான யேல் பல்கலைக்கழக ஆய்வு, மூளைப் பகுதிகளின் இணைப்பு முறையே கைரேகையைப் போன்றது என்றும், வேறொரு நாள் எடுத்த பதிவைக் கொண்டும் பெரும்பாலோரை அடையாளம் காணலாம் என்றும் காட்டியது. முகத்தை அழிக்கலாம், மூளையையே அழித்துவிட்டு எதைப் பகிர்வது?

இங்குதான் நாடாளுமன்றம் கைவிட்ட ஒரு பிரிவு நினைவுக்கு வர வேண்டும். 2019 டிசம்பரில் மக்களவையில் அறிமுகமான தனிநபர் தரவுப் பாதுகாப்பு மசோதாவின் 82-வது பிரிவு, அடையாளம் நீக்கப்பட்ட தரவை உரிய சம்மதமின்றி மீண்டும் அடையாளப்படுத்துவதைக் குற்றமாக்கியது. 3 ஆண்டுகள் வரை சிறை, அல்லது 2 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் விதிக்கலாம் என்றது. உடல்நலத் தரவை நுண்ணிய தனிநபர் தரவு என்று தனியே வகைப்படுத்தியதும் அதே மசோதாதான். கூட்டுக்குழு இரண்டு ஆண்டுகள் ஆராய்ந்த அந்த மசோதா 2022 ஆகஸ்டில் திரும்பப் பெறப்பட்டது. 2023-ம் ஆண்டுச் சட்டத்தில் அந்தக் குற்றப் பிரிவும் இல்லை, தனி வகைப்பாடும் இல்லை.

மாறாக, 17-வது பிரிவு ஆராய்ச்சிக்கு விலக்கு தருகிறது. குறிப்பிட்ட தனிநபர் மீது முடிவெடுக்கப் பயன்படுத்தக் கூடாது, விதிக்கப்படும் தரநிலைகளைப் பின்பற்ற வேண்டும் என்பவை நிபந்தனைகள். விலக்கு தேவையானதே; அது இல்லாவிட்டால் எந்த ஆய்வும் நகராது. ஆனால், ஆராய்ச்சி என்றால் என்ன என்று சட்டம் வரையறுக்கவில்லை. எந்த விளம்பரத்துக்கு எந்த மூளை அசைகிறது என்று ஒரு வணிக நிறுவனம் பார்ப்பதும் ஆராய்ச்சிதான். 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்ட விதிகளின் தரநிலைகள் பொதுவானவை. மூளைப் பதிவு பற்றியோ, மீண்டும் அடையாளப்படுத்துவது பற்றியோ அவற்றில் தனிக் குறிப்பு இல்லை.

நீதிமன்றம் இவ்விஷயத்தில் நாடாளுமன்றத்தைவிட முன்னே நிற்கிறது. செல்வி எதிர் கர்நாடக அரசு வழக்கில் 2010 மே மாதம் தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், சம்மதமின்றி நார்கோ சோதனையோ, பொய் கண்டறியும் சோதனையோ, மூளை மின்னலைச் சோதனையோ நடத்தக் கூடாது என்று கூறிவிட்டது. வலுக்கட்டாயமாக எடுப்பதற்கு அது தடை. விரும்பிக் கொடுத்த பதிவை வேறொருவர் வேறொன்றுக்குப் பயன்படுத்துவது அந்த வழக்கின் கேள்வியாக இருக்கவில்லை.

கடுமையான சட்டம் வந்தால் தரவுகள் பூட்டப்பட்டுவிடும் என்ற அச்சம் ஆய்வாளர்களிடம் இருப்பது நியாயமே. ஆனால், 82-வது பிரிவு குறிவைத்தது பகிர்பவரை அல்ல, பகிர்ந்ததைத் தோண்டி ஆளைத் தேடுபவரை. தண்டனை அவருக்கு என்றால் பகிர்பவருக்குத் துணிவு கூடும். கேம்பிரிட்ஜ் தரவும் யாருக்கும் கேள்வியின்றிக் கிடைப்பதில்லை. விண்ணப்பித்து, நிபந்தனைகளை ஏற்றுக்கொண்டவர்களுக்கே தரப்படுகிறது. அந்த முறையை ஃபரீதாபாத் மையத்திலோ, மானேசரிலோ ஏற்படுத்துவதில் பெரிய தடை இருப்பதாகத் தெரியவில்லை. 82-வது பிரிவை ஒரு திருத்த மசோதாவாகக் கொண்டுவருவதும் அரசுக்கு அரிய வேலை அல்ல. அரசு முன்வராவிட்டால் தனிநபர் மசோதாவாக எந்த உறுப்பினரும் கொண்டுவரலாம். வெள்ளிக்கிழமை பிற்பகல்கள் அதற்காகவே ஒதுக்கப்பட்டுள்ளன.

கருவிக்குள் செல்லும் முன் தன்னார்வலர் கையெழுத்திடும் சம்மதப் படிவம், அவருக்குப் புரியும் மொழியில் இருக்க வேண்டும் என்பது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் நெறிமுறை. "உங்கள் பதிவிலிருந்து உங்களை அடையாளம் காண முயல்வது தண்டனைக்குரிய குற்றம்" என்ற ஒரு வரியை அப்படிவத்தில் சேர்க்க, இன்றைய சட்டம் எந்த ஆய்வு நிறுவனத்துக்கும் இடம் தரவில்லை.