ஓய்வு நேரத் தொழில்: பழைய ஜாகுவாரின் முகப்புப் பலகை

புரட்டாசி இதழில் நாற்காலிக்குப் பிரம்பு பின்னும் முறையைப் பற்றி எழுதியிருந்தோம். அதைப் படித்த நம் சங்கத்துப் பெரியவர் ஒருவர் மறுவாரமே தொலைபேசியில் அழைத்து, "தம்பி, பிரம்பு வசப்பட்ட கைக்கு மோட்டாரின் மரப்பலகை வசப்படாதா?" என்று வினவினார். வசப்படும் என்று கூறிவிட்டோம். யோசியாமல் கூறிய அவ்வொரு சொல்லுக்காக ஏழு ஞாயிற்றுக்கிழமைகளைச் செலுத்த நேர்ந்தது. இத்திங்கள் அந்த வரலாற்றையே எழுதுகிறோம்.

வண்டி, ஜாகுவார் மார்க் 2. இங்கிலாந்தில் கவென்ட்ரி நகரில் 1959 முதல் 1967 வரை இவ்வகை செய்யப்பட்டது. பெரியவருடையது 1962ஆம் ஆண்டு வண்டி, 3.4 லிட்டர் எஞ்சின். கல்கத்தாவை விட்டுச் சென்ற கம்பெனி மேலாளர் ஒருவரிடம் 1979இல் வாங்கியது. பெரியவருக்கு இப்பொழுது வயது எண்பத்து மூன்று. தை பிறந்ததும் பெங்களூரில் இருக்கும் மகளுடன் சென்று தங்குவதாக ஏற்பாடு. வண்டியை விற்றாக வேண்டும். விற்ற பணம் முழுவதையும் முப்பத்தோர் ஆண்டுகள் அதை ஓட்டிய சாப்ராக்காரருக்கே தருவதாக வாக்களித்திருந்தார். வாங்க வந்தவரோ டாஷ்போர்டைக் கண்டு முகஞ்சுளித்து, விலையில் கணிசமான தொகையைக் குறைக்க வேண்டும் என்றார்; பழைய பலகைகளை எறிந்துவிட்டுப் புதியன வருவித்துப் பொருத்தப் போவதாகவும் சொன்னார். குறையும் ஒவ்வொரு ரூபாயும் அந்த ஓட்டுநரின் முதுமைக்கு உரியது என்பதை நேயர்கள் மனத்திற் கொள்ள வேண்டும்.

பலகையின் நிலை பரிதாபமாகத்தான் இருந்தது. அக்ரூட் எனப்படும் வால்நட் மரத்தை மெல்லிய ஏடாகச் சீவி வேறு மரத்தின்மேல் ஒட்டிய வேலைப்பாடு அது. மேலிருந்த மெருகு வெயிலில் வெடித்து, காய்ந்த ஏரியின் அடிமண் போலக் கிடந்தது. ஓரங்களில் ஏடு பெயர்ந்து தூக்கியிருந்தது. போதாக்குறைக்கு, முன்னர் யாரோ ஒரு பழுதுபார்ப்பவர் முரட்டு உப்புத்தாளால் தேய்த்து, ஒரு மூலையில் ஏட்டையே தின்று தீர்த்து, வெளுத்த அடிமரம் தெரியாதிருக்கச் சாயம் பூசியிருந்தார்.

கழற்றும் முறையை முதலில் சொல்வோம். வேகமானியும் எஞ்சின் சுழற்சியைக் காட்டும் மானியும் ஓட்டுநருக்கு நேரே மரப்பலகையில் பதிந்திருக்கும். நடுப்பலகை மரமன்று, கருந்துணி போர்த்தியது. அதில் அம்மீட்டர், பெட்ரோல், எண்ணெய் அழுத்தம், நீரின் வெப்பம் ஆகிய நான்கு சிறு மானிகளும், அவற்றின் கீழ்ச் சுவிட்சுகளின் வரிசையும் உள்ளன. மேலே இரு முனைகளிலும் உள்ள இரு திருகாணிகளை விரலாலேயே தளர்த்தினால் போதும், நடுப்பலகை முழுவதும் கீல் போட்ட பெட்டிமூடி போல முன்னால் சாய்ந்துவிடும்; பின்னாலுள்ள ப்யூஸ்களும் கம்பிகளும் கண்ணெதிரே வந்துவிடும். பழுதுபார்ப்பவனும் ஒரு மனிதன்தான் என்று எண்ணி வண்டி செய்தவர்கள் இருந்திருக்கிறார்கள்! இக்காலத்து வண்டிகளில் ஒரு விளக்கை மாற்றுவதற்குப் பாதி வண்டியைப் பிரிக்க வேண்டியிருப்பதை நேயர்கள் அறிவார்கள்.

ஓட்டுநர் பக்கத்து மரப்பலகைதான் சற்றுப் பிடிவாதம் பிடிக்கும். வேகமானியின் கேபிள் ஒரு வரிப்பள்ள வளையத்தால் பிணைக்கப்பட்டுள்ளது. அதைக் கையாலேயே திருக வேண்டும், குறடு பட்டால் நசுங்கும். மற்றைய மானிக்குக் கேபிள் இல்லை. எஞ்சினின் தலையில் பொருத்திய சிறு ஜெனரேட்டரிலிருந்து கம்பிகள் மட்டுமே வரும். மானிகளை எடுத்த பின்னரே பலகையை அசைக்க வேண்டும். கழற்றிய திருகாணிகளை ஓர் அட்டையில் பலகையின் படம் வரைந்து, எது எங்கிருந்ததோ அங்கேயே குத்திவைத்தோம்.

கம்பிகளுக்கு நிறமே பெயர். பிரிட்டிஷ் வண்டிகளில் பழுப்புக் கம்பி பாட்டரியிலிருந்து நேரே வருவது. சாவி போட்டாலும் போடாவிட்டாலும் அதில் மின்சாரம் உண்டு, ப்யூஸும் இல்லை. வெள்ளை, சாவி திருகிய பின் உயிர்பெறுவது. பச்சை, அதுவே ப்யூஸ் வழியாக வருவது. சிவப்பு, சிறு விளக்குகளுக்கு, நீலம், முன்விளக்குகளுக்கு, கறுப்பு, உடலோடு சேர்வது. அறுபது ஆண்டுகளில் சிவப்பும் பழுப்பும் ஒரே முகமாகிவிட்டன. ஆகவே ஒவ்வொன்றிலும் சீட்டு எழுதிக் கட்டினோம். இன்னொன்று: இவ்வண்டியில் பாட்டரியின் நேர்முனையே உடலோடு இணைந்தது. இக்கால வழக்கத்தில் எதிர்முனையை இணைத்துவிடக் கூடாது.

இவ்வளவு அறிந்திருந்தும் மூன்றாம் ஞாயிறன்று நாம் செய்த பிழையை மறைப்பதற்கில்லை. நடுப்பலகையின் விளக்குகள் எரிகின்றனவா என்று பார்ப்பதற்காகப் பாட்டரியை இணைத்திருந்தோம். பார்த்த பின் அதைக் கழற்றாமலே அம்மீட்டரின் நட்டைத் தளர்த்தப் புகுந்தோம். "பாட்டரியைக் கழற்றிவிட்டீர்களா, பாபு?" என்று ஓட்டுநர் கேட்டார். "ஒரு நிமிட வேலைதானே" என்றோம். ஸ்பானர் பழுப்புக் கம்பியின் முனைக்கும் இரும்புச் சட்டத்திற்கும் பாலமிட்டது. பொறி பறந்தது, கம்பியின் உறை உருகி வெண்புகை எழுந்தது. ஸ்பானரை உதறிவிட்டுச் செய்வதறியாது நின்றோம். ஓட்டுநர் பாய்ந்து சென்று பாட்டரியின் கம்பியை வெறுங்கையால் பிடுங்கி எறிந்தார். பானெட்டைத் திறந்து வைத்திருந்தவரும், பாட்டரியின் பிடியை முன்கூட்டியே தளர்த்தி வைத்திருந்தவரும் அவரேதாம். காரணம் கேட்டோம். "உங்களைப் பார்த்துக்கொண்டுதானே இருந்தேன்" என்றார்.

பெரியவர் மாடியிலிருந்து இறங்கி வந்து முகர்ந்து பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. அவர் திட்டியிருந்தால் நமக்கு எளிதாக இருந்திருக்கும். ஒரு சாண் நீளத்திற்குக் கம்பிக்கட்டு கருகியிருந்தது. மறுவாரம் மல்லிக் பஜாரில் கடை கடையாக அலைந்து, அதே நிறமும் அதே கனமும் உள்ள கம்பி வாங்கி, நம் செலவிலேயே மாற்றினோம்.

மரவேலைக்கு லிலுவா ரயில்பெட்டித் தொழிற்சாலையில் பணியாற்றி ஓய்வு பெற்ற வங்காளத் தச்சர் ஒருவரை அழைத்து வந்தோம். மரத்தைத் தொடுமுன் அரைமணி நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். மானிகளின் வளையத்தடியில் மரம் கறுத்தும், வெளியில் வெளிறியும் இருந்ததைக் காட்டி, வால்நட் வெயிலில் வெளுக்கும் இயல்புடையது என்றார். பழைய மெருகை மருந்திட்டு இளக்கி, மழுங்கிய தகட்டால் வழித்தாரேயன்றி உப்புத்தாளைத் தொடவில்லை. ஏட்டின் கனம் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு. அதில் தேய்ப்பதற்கு என்ன இருக்கிறது? தூக்கி நின்ற இடங்களில் ஊசியால் பசை செலுத்தி, மெழுகுத்தாள் வைத்து, கட்டையால் இறுக்கி ஓரிரவு விட்டார்.

தேய்ந்த மூலைக்கு ஒட்டுப்போட வேண்டியிருந்தது. உடைந்த பழைய அலமாரி ஒன்றிலிருந்து தாம் சேமித்த வால்நட் ஏட்டை எடுத்து வந்தார். ஒட்டைச் சதுரமாக வெட்டாமல் சாய்சதுரமாக வெட்டினார். ரேகைக்குக் குறுக்கே ஓடும் நேர்கோட்டைக் கண் உடனே பிடித்துவிடும், சாய்ந்த கோடு ரேகையோடு கலந்து மறையும் என்பது அவர் விளக்கம்.

மெருகு விஷயத்தில் அவருக்கும் நமக்கும் வழக்கு நேர்ந்தது. அரக்கு மெருகே மெருகு என்பது அவர் கட்சி. அரக்கு புருலியாவிலும் ஜார்க்கண்டிலும் விளைவது. அவருக்கு அது சொந்த ஊர்ச் சரக்கு. ஆனால் அரக்கு வெப்பத்தில் இளகும், நீர் பட்டால் வெளுக்கும். வெயிலில் நிற்கும் வண்டிக்கு ஆகாது என்றோம். இறுதியில் மெழுகு நீக்கிய அரக்கை அடிப்பூச்சாகவும், பாலியூரித்தேனை மேற்பூச்சாகவும் இட ஒப்புக்கொண்டார். ஒரு பூச்சு, இடையே நீரில் நனைத்த நுண்ணிய தாளால் தடவுதல், மீண்டும் பூச்சு என்று எட்டு முறை. மழை ஓய்ந்த கார்த்திகை மாதமானதால் காற்றின் ஈரம் தொல்லை தரவில்லை. ஆவணியில் தொடங்கியிருந்தால் மெருகு பால் படிந்தது போல் மங்கியிருக்கும்.

பொருத்தும் வேலை கழற்றியதன் மறுதலை. நீட்டி எழுதத் தேவையில்லை. இம்முறை ஓட்டுநர் சொன்ன பின்னரே பாட்டரியை இணைத்தோம். சாவியைத் திருகிப் பொத்தானை அமுக்கினார். எஞ்சின் உயிர்பெற்றது, நான்கு முட்களும் மெல்ல எழுந்தன. சுழற்சிமானியின் முகத்திலுள்ள சிறு கடிகாரம் மட்டும் ஓடவில்லை. அது முன்பும் ஓடியதில்லையாம்.

மார்கழி இரண்டாம் ஞாயிறன்று வாங்குபவர் மீண்டும் வந்தார். பலகையை நெடுநேரம் தடவினார். ஒட்டைக் கண்டுபிடிக்க முடியவில்லை. நாம் மௌனமாக இருந்தோம், சற்று இறுமாப்போடும்தான். ஓட்டுநர் முன்வந்து, "ஒட்டு இந்த மூலையில், சாஹிப்" என்று தொட்டுக் காட்டினார். பின் நடுப்பலகையைச் சாய்த்து, "இங்கே கம்பி எரிந்தது. மாற்றியிருக்கிறோம்" என்றார். நமக்கு வியர்த்துவிட்டது. வாங்குபவர் புதுக் கம்பியை இழுத்துப் பார்த்தார். பேசிய முழுத் தொகையையும் பெரியவரிடம் எண்ணிக் கொடுத்தார். பலகைகளை மாற்றப் போவதில்லை என்றும் சொல்லிச் சென்றார். அன்று மாலையே தொகை ஓட்டுநர் கைக்கு மாறிவிட்டது. சங்கராந்திக்கு அவர் சாப்ரா சென்றுவிட்டார்.

ஹௌரா உறுப்பினர் ஒருவர், தேக்கு ஊஞ்சற் பலகையில் எண்ணெய்க் கறை போக்குவது எப்படி என்று கேட்டு எழுதியுள்ளார். விடை அடுத்த இதழில்.