சட்டை வாங்கிக் கொடுத்தவர் பிள்ளைக்குத்தான் இடமா?

புதுமடத்துப் பெற்றோர்களே, கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை, நேராகவே சொல்லிவிடுகிறேன். நம் பிள்ளைகளின் கால்பந்தை நாம்தான் கெடுத்துக்கொண்டிருக்கிறோம்.

அஸர் தொழுகை முடிந்த கையோடு கடற்கரைக்குப் போய்ப் பாருங்கள். சபரில் இருக்கும் வாப்பா அனுப்பிய ஷூவைப் போட்டவன், விடியற்காலையில் வலை இழுத்துவிட்டு மத்தியானம் தூங்கி எழுந்து வந்தவன், டீக்கடையில் கிளாஸ் கழுவுகிறவரின் மகன் என்று எல்லாரும் கலந்துதான் விளையாடுகிறார்கள். மஃரிப் பாங்கு கேட்கும்வரை அங்கே யாருக்கும் யார் வீட்டுப் பிள்ளை என்ற நினைப்பே இல்லை. அந்தக் கூட்டத்தில் பதின்மூன்று வயதுப் பையன் ஒருவன் இருக்கிறான். வெறுங்கால். பந்து தன்னிடம் வருவதற்கு முன்பே தோளுக்குப் பின்னால் ஒருமுறை திரும்பிப் பார்த்துவிடுகிறான். யார் நெருக்குகிறான், எந்தப் பக்கம் ஆள் இல்லை என்று பார்த்துவைத்துக்கொண்டு, பந்தைத் தொடும்போதே அந்தப் பக்கம் திரும்பிவிடுகிறான். மாதாமாதம் பணம் கட்டிப் பயிற்சிக்குப் போகிற பிள்ளைகளுக்கு இந்தப் பழக்கத்தைக் கொண்டுவரப் பயிற்சியாளர்கள் தொண்டை வற்றக் கத்துகிறார்கள். இவனுக்கு மணலில் விளையாடியே வந்துவிட்டது.

ஆனால் போட்டி என்று வந்ததும் நாம் தலையிடுகிறோம். நுழைவுக் கட்டணம் கட்டியவர் யார், ஜெர்சி எடுத்துக் கொடுத்தவர் யார் என்று பார்த்துத்தான் பதினொரு பேர் முடிவாகிறார்கள். பத்தாம் எண் சட்டை, பணம் கொடுத்தவர் வீட்டுப் பிள்ளைக்கு. இந்தப் பையன் கோட்டுக்கு வெளியே தண்ணீர் பாட்டிலோடு உட்கார்ந்திருக்கிறான். கேட்டால், ஷூ இல்லாதவனை எப்படி இறக்குவது என்கிறோம். போனமுறை அவன் இறங்கியது இடைவேளைக்குப் பிறகுதான். வெளியே வந்தவனின் ஷூவைக் கழற்றி வாங்கி, முன்பக்கம் பேப்பரைத் திணித்துப் போட்டுக்கொண்டு ஓடினான். ஆயிரம் ரூபாய்க்குள் ஒரு ஸ்டட் ஷூ கிடைக்கும். மின்னொளிப் போட்டிக்குப் பந்தலும் விளக்கும் போட்டு, ஆளுயரக் கோப்பை வைத்து, வெளியூரிலிருந்து கெஸ்ட் பிளேயர்களைச் சம்பளம் பேசி இறக்குகிறோம். அவர்கள் காலையில் பஸ் ஏறிப் போய்விடுகிறார்கள். நம் பையனுக்கு ஷூ வாங்கத்தான் கை வரவில்லை.

வசதியுள்ளவர்களுக்கு முதலில் சொல்கிறேன். 'அந்தப் பசங்களோடு சேராதே, கெட்டுப்போவாய்' என்று உங்கள் மகனிடம் சொல்கிறீர்கள். அவன் ஆட்டம் முன்னேறுவதே அந்தப் பசங்களோடு மோதுவதால்தான். அவர்களைக் கழித்துவிட்டு, உங்களைப் போலக் கட்டணம் கட்ட முடிந்தவர்களின் பிள்ளைகளோடு மட்டும் ஆடினால் அவனுடைய அளவு அவனுக்கே தெரியாது. அமெரிக்காவில் இந்தக் கோளாறு வெகுகாலமாக இருக்கிறது. அங்கே சிறுவர் கிளப்புகளில் பெற்றோர் ஆயிரக்கணக்கில் டாலர் கட்டவேண்டும். ஏழை வீட்டுப் பிள்ளைகள் வாசலிலேயே நின்றுவிடுகிறார்கள். அத்தனை பெரிய, அத்தனை பணமுள்ள நாட்டின் ஆண்கள் அணி உலகக் கோப்பையை இன்னும் தொட்டதில்லை. பாரிஸின் புறநகர்களில் குடியேறிகளின் பிள்ளைகளைத் தேடிப்போய் எடுத்து வளர்த்த பிரான்ஸ், 1998இலும் 2018இலும் தொட்டது.

அவ்வளவு தூரம் போவானேன்? 'திமிரு' படத்தில் வில்லனாக வந்தாரே ஐ.எம். விஜயன், அவர் திருச்சூர் ஸ்டேடியத்தில் சோடா விற்ற பையன். ஆட்டத்தைப் பார்த்துக் கேரள போலீஸ் அணி பதினேழு வயதில் எடுத்துக்கொண்டதால் இந்திய அணிக்கே கேப்டன் ஆனார். சென்னை வியாசர்பாடியில் 1997 முதல் குடிசைப்பகுதிப் பிள்ளைகளுக்காகவே ஒரு பயிற்சி மையம் நடக்கிறது. அந்த வியாசர்பாடியிலிருந்துதான் தனபால் கணேஷ் சென்னையின் எஃப்.சி.க்குப் போனார். கன்னியாகுமரி மாவட்டத்து இரவிபுத்தன்துறை நம்மைப் போலக் கடலை நம்பிய ஊர். அங்கே பிறந்த மைக்கேல் சூசைராஜ் 2019இல் இந்திய அணிக்கு ஆடினார், அடுத்த ஆண்டு ஏ.டி.கே. அணியோடு ஐ.எஸ்.எல். பட்டமும் வென்றார். அந்தக் கரையில் இருப்பதும் இதே உப்புக்காற்றுதான்.

இனி, கஷ்டப்படுகிற வீட்டுப் பெற்றோருக்கு. உங்கள்மேலும் எனக்கு வருத்தம் உண்டு. பையனுக்குப் பதினான்கு ஆனதும் படகில் ஒரு கை கூடுகிறது என்று நினைக்கிறீர்கள். இல்லையென்றால் எப்போது பாஸ்போர்ட் எடுக்கலாம் என்று விசாரிக்கிறீர்கள். உங்கள் அடுப்பு எரிவது எப்படி என்று எனக்குத் தெரியும், அதனால் தயங்கித்தான் சொல்கிறேன். தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தின் விடுதிகளில் 7, 8, 9, 11ஆம் வகுப்புகளுக்குப் பிள்ளைகளைச் சேர்க்கிறார்கள். தங்குமிடம், சாப்பாடு, பயிற்சி எல்லாம் இலவசம். அரசு வேலையில் விளையாட்டு வீரர்களுக்கு மூன்று சதவீத ஒதுக்கீடும் இருக்கிறது. விடுதித் தேர்வு பெரும்பாலும் மே மாதம் வரும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்குத் தடை, நாட்டுப்படகு மீனுக்கு நல்ல விலை. உங்களுக்குப் பையனின் கை மிகவும் தேவைப்படுகிற நேரமும் அதுதான். அந்த ஒரு நாள் அவனை விடுங்கள். பத்தாம் வகுப்பு வந்தபிறகு அனுப்பலாம் என்று தள்ளிப்போட்டால் அந்த வருஷம் சேர்க்கையே கிடையாது.

பையன் நன்றாக ஆடினாலும் காகிதத்தில் தோற்றுவிடுகிறான். ஆதாரில் ஒரு பிறந்த தேதி, பள்ளியில் இன்னொன்று, பிறப்புச் சான்றிதழ் எங்கே என்று உம்மாவுக்கே தெரியாது. வயதுப் பிரிவை வைத்துத்தான் தேர்வு நடக்கிறது. தேதி ஒத்துப்போகவில்லை என்றால் அவன் போட்ட கோல்களுக்கு அங்கே கணக்கில்லை. படித்த, அலுவலக வாசல் பழகிய பெற்றோர் நம்மில் எத்தனையோ பேர் இருக்கிறோம். அந்தத் தாயோடு ஒரு நாள் போய் நின்று திருத்தி வாங்கிக் கொடுப்பது நமக்குப் பெரிய காரியமா?

இந்த வருஷப் போட்டிக்கு வசூல் தொடங்கும் முன் மூன்று காரியம் முடிவாகட்டும். ஆட்களைப் பயிற்சியாளர் மட்டும் எடுக்கட்டும், பணம் கொடுத்தவர் பக்கத்தில் நின்று கை காட்டக்கூடாது. ஒரு கெஸ்ட் பிளேயரின் சம்பளத்தைக் குறைத்து, ஷூ இல்லாத பிள்ளைகளுக்கு அளவெடுத்து வாங்கிவிடுவோம். விடுதித் தேர்வு அன்று ராமநாதபுரம் சீதக்காதி சேதுபதி விளையாட்டரங்கத்துக்கு ஒரே வேனில் எல்லாப் பையன்களையும் ஏற்றிப்போவோம், டீசல் செலவு வெளிநாட்டில் இருப்பவர்கள் பொறுப்பு. வருகிற வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்ததும் யாரும் கலைய வேண்டாம். பிள்ளைகளின் ஆதாரையும் பிறப்புச் சான்றிதழையும் கையோடு எடுத்து வாருங்கள். சான்றிதழ் இல்லாதவர்கள் பிறந்த ஆஸ்பத்திரியின் பெயரையாவது கேட்டுக்கொண்டு வாருங்கள்.